மலாய்க் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறதா? மலேசியா போகும் விருந்தாளிக்குச் சில குறிப்புகள்

கூட வேலை பார்ப்பவரோ, எப்போதோ ஒன்றாகப் படித்தவரோ வாட்ஸ்அப்பில் கல்யாண அட்டை அனுப்பியிருப்பார். இடம் கோலாலம்பூராக இருக்கலாம், கிளந்தான் மாநிலத்தில் ஒரு கம்போங்காகவும் (கிராமம்) இருக்கலாம். போவது என்று முடிவு செய்ததுமே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். முக்காடு போட வேண்டுமா? புடவை கட்டலாமா? மொய் எவ்வளவு? மாட்டுக்கறி இருக்குமே, என்ன செய்வது? இவற்றில் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது யாரும் கேட்காத ஒரு விஷயத்தில்: கையை என்ன செய்வது? மலாய்க் கல்யாணத்தில் வரவேற்பு, சாப்பாடு, ஆசி, மொய், விடைபெறுதல் எல்லாமே கை வழியாகத்தான் நடக்கும். அது பிடிபட்டுவிட்டால் மற்றதை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் அட்டையைப் படியுங்கள்

மலாய்க் கல்யாணம் ஒரே நிகழ்ச்சி இல்லை. நிக்காஹ் தனி. பெண் வீட்டு விருந்து தனி. பெரும்பாலும் அதற்கு அடுத்த நாளோ அடுத்த வாரமோ மாப்பிள்ளை வீட்டு விருந்தும் இருக்கும். உங்களை எதற்கு அழைத்திருக்கிறார்கள் என்பது அட்டையிலேயே இருக்கும். நிக்காஹ்வுக்குப் பொதுவாக நெருங்கிய உறவினர்கள் மட்டும்தான். விருந்துக்கு மட்டும் அழைப்பு என்றால், நிக்காஹ்வுக்கும் வரட்டுமா என்று நீங்களாகக் கேட்காமல் இருப்பது நல்லது. அவர்களே கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.

அட்டையில் நேரம் காலை 11 முதல் மாலை 4 வரை என்பதுபோல நீளமாக இருக்கும். அந்த ஐந்து மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து, சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போகலாம். மணமக்கள் வரும் நேரத்தைத் தனியாகப் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் மதியத்தை ஒட்டி. அதற்கு அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மூன்றரைக்குப் போனால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

வருகிறோமா இல்லையா, எத்தனை பேர் என்பதைக் கேட்டிருந்தால் உடனே பதில் போட்டுவிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். ஏன் என்பதைச் சாப்பாட்டுப் பகுதியில் பார்ப்போம்.

எப்போது போகிறீர்கள்?

நோன்பு மாதத்தில் கல்யாண விருந்து வைக்க மாட்டார்கள். பெருநாள் முடிந்து வரும் ஷவ்வால் மாதத்திலும், பள்ளி விடுமுறை வாரங்களிலும் கல்யாணங்கள் குவியும். விமானம், ஹோட்டல், பேருந்து எல்லாமே அப்போது நெருக்கும் என்பதால் அட்டை கைக்கு வந்ததும் டிக்கெட் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். கல்யாணத்தோடு ஊர் சுற்றும் திட்டமும் இருந்தால் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவமழை. வெள்ளம் வந்து சாலை அடைபடுவது அங்கே புதிதல்ல. அந்த மாதங்களில் அங்கே கல்யாணம் என்றால் முந்தின நாள் போய்ச் சேரும்படி திட்டமிடாதீர்கள், கூடுதலாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கிளந்தான், திரெங்கானு, கெடா மூன்றிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலை நாள். ஜொகூரும் முன்பு அப்படித்தான் இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் எந்த மாநிலமானாலும் தொழுகை நேரத்தை ஒட்டி இரண்டு மணி நேரம் வேலை எதுவும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை, பணம், பயணம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு என்றால் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பாருங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமை. கட்டாய மரண தண்டனையை 2023-இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. "அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்" என்று யாராவது பொட்டலம் கொடுத்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் சொந்த மருந்து மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். பிளக் மூன்று சதுரக் கால் உள்ளது, அடாப்டர் தேவைப்படும். விமான நிலையத்தில் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான அளவு மட்டும் ரிங்கிட் மாற்றிக்கொண்டு, மீதியை நகரத்தில் மாற்றுங்கள். மொய்க்குத் தனியாகக் கொஞ்சம் புது நோட்டு வாங்கி வையுங்கள். ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, செக்-இன் செய்யும்போது கேட்பார்கள். அறையின் கூரையில் ஓர் அம்புக்குறி இருந்தால் அது தொழும் திசையைக் காட்டுவது. டுரியான் பழத்தை அறைக்குள் கொண்டு வராதீர்கள் என்று பல ஹோட்டல்களில் போர்டே வைத்திருப்பார்கள். வாசனைக்குப் பயந்துதான்!

கோலாலம்பூர் விமான நிலையம் ஊருக்கு வெகு தூரம். விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து நகரத்தின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடத்தில் கொண்டு விடும். நகரத்துக்குள் கிராப் என்ற டாக்சிச் செயலி போதும். கம்போங் கல்யாணம் என்றால் கதை வேறு. போகும்போது கிராப் கிடைக்கும், திரும்பும்போது கிடைக்காது. மாலை நாலு மணிக்கு ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றால், திரும்பும் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அல்லது நகரத்திலிருந்து வரும் வேறு விருந்தாளி யாராவது உண்டா என்று நண்பரைக் கேளுங்கள். அப்படி ஒரு வண்டி அநேகமாக இருக்கும்.

வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமே இருக்காது. ஜிகினாத் தாளைச் சுற்றிய குச்சிகளைத் தென்னம்பாளை விரிந்ததுபோல ஒரு கம்பில் கட்டி, முச்சந்தியில் நட்டிருப்பார்கள். அதற்குப் புங்கா மங்கார் என்று பெயர். அது நிற்கும் பக்கம் திரும்பிக்கொண்டே போனால் பந்தல் வந்துவிடும். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு கல்யாணம் இருப்பதும் உண்டு. அதனால் உட்காருவதற்கு முன்னால் மணமக்கள் பெயரைப் பலகையில் சரிபாருங்கள். பெயர் தெரியாத வீட்டில் போய் நின்றாலும் சாப்பிட உட்கார வைத்துவிடுவார்கள், அதுதான் சிக்கல்.

என்ன உடுத்துவது?

பெண்களுக்குப் புடவை தாராளமாகச் சரி. மலேசியத் தமிழர்கள் காலங்காலமாகப் புடவையில்தான் மலாய் நண்பர்களின் கல்யாணங்களுக்குப் போகிறார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ரவிக்கையின் கை நீளமாக இருக்கட்டும், இடுப்பும் முதுகும் தெரியாமல் முந்தானையைச் சுற்றிப் பின் குத்திக்கொள்ளுங்கள். சல்வாரும் நல்லது. இரண்டுமே வேண்டாம் என்றால் அங்கே போய் ஒரு பாஜு கூரோங் வாங்கிக்கொள்ளலாம். தொளதொள மேல்சட்டையும் நீளப் பாவாடையும் சேர்ந்த அந்த உடுப்பு, அங்குள்ள வெயிலுக்குப் புடவையைவிடச் சுகம். முஸ்லிம் அல்லாத விருந்தாளி முக்காடு போட வேண்டியதில்லை. நிக்காஹ் பள்ளிவாசலில் என்றால் மட்டும் தலையை மூட ஒரு சால்வை வேண்டும், அது கைப்பையில் இருக்கட்டும்.

ஆண்களுக்கு முழுக்கை பாத்திக் சட்டையும் கால்சட்டையும் போதும். மலேசியாவில் அரசு நிகழ்ச்சிக்கே அதைப் போட்டுக்கொண்டு போகலாம். கோட்டு, டை எல்லாம் பந்தலுக்குள் அவியும். அரைக்கால் சட்டை கூடாது.

நிறத்தில் இரண்டு எச்சரிக்கை. நிக்காஹ்வில் மணப்பெண் பெரும்பாலும் வெள்ளை அல்லது வெண்ணெய் நிறத்தில் இருப்பாள், அதனால் அந்த நிறங்களை விட்டுவிடுங்கள். மஞ்சள் அங்கே அரச குடும்பத்தின் நிறம். சுல்தான் வீட்டைச் சேர்ந்தவர்கள் வரும் கல்யாணம் என்றால் மங்களம் என்று நினைத்து மஞ்சள் பட்டு கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

செருப்பு கழற்றி மாட்டச் சுலபமாக இருக்கட்டும். மண்டபத்தில் கழற்ற வேண்டியதில்லை, வீட்டுக்குள் போனால் கழற்றியே ஆக வேண்டும்.

வாசலில்: சலாம்

பந்தல் வாசலில் பெற்றோரும் உறவினர்களும் வரிசையாக நின்று வரவேற்பார்கள். ஆண் ஆணுக்கும் பெண் பெண்ணுக்கும் கை கொடுக்கலாம். அழுத்திப் பிடித்துக் குலுக்குவதில்லை. உங்கள் இரண்டு கையும் எதிரில் இருப்பவரின் கையை மெல்லத் தொட்டு விலகும், விலகிய வலக்கை அப்படியே உங்கள் நெஞ்சைத் தொடும். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்துக் குனிந்து முத்தமிட்டால் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்ளாதீர்கள், அது பெரியவருக்குத் தரும் மரியாதை.

எதிர்ப்பாலராக இருந்தால் நீங்களாகக் கையை நீட்டாதீர்கள். அவராகக் கை கொடுத்தால் கொடுங்கள். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். நமக்குக் கைகூப்புவது தோதாக வரும் என்றால் அதுவும் நன்றாகவே எடுபடும், மலேசியாவில் அது என்னவென்று தெரியாதவர் இல்லை. மணப்பெண்ணை ஆண் விருந்தாளி கட்டிப்பிடித்து வாழ்த்துவது, தோளில் கை போட்டுப் படம் எடுப்பது இரண்டும் வேண்டாம்.

வயதில் மூத்தவரைப் பாக்சிக் (மாமா), மாக்சிக் (அத்தை) என்று கூப்பிடலாம். டத்தோ, டான் ஸ்ரீ போன்ற பட்டம் உள்ளவர் என்றால் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யாரையாவது சுட்டிக்காட்ட நேர்ந்தால் ஆள்காட்டி விரலை நீட்டாமல், விரல்களை மடக்கி வலது கட்டைவிரலால் காட்டுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கடந்து போகும்போது லேசாகக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி முன்னால் நீட்டி, "தும்பாங் லாலு" (கொஞ்சம் வழி விடுங்கள்) என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போவார்கள். நீங்களும் செய்து பாருங்கள். உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

நிக்காஹ்வில் உட்கார்ந்திருந்தால்

தரையில் உட்கார வேண்டும். ஆண்கள் சம்மணம், பெண்கள் காலை ஒரு பக்கமாக மடித்து. பாதம் யாரையும் பார்த்து நீளக்கூடாது. பெண்ணின் தந்தையோ அவர் சார்பில் நிக்காஹ் செய்துவைக்கும் அதிகாரியோ மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசகத்தைச் சொல்வார். சொல்லி முடிக்கும்போது கையை ஒரு முறை மெல்ல அசைப்பார். அந்த நொடியே மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஏற்புச் சொல்லைச் சொல்ல வேண்டும். உடனே எல்லாருடைய கண்ணும் சாட்சிகள் பக்கம் திரும்பும். அவர்கள் "சா" என்றால் செல்லும். தடுமாறிவிட்டால் திரும்பவும் சொல்ல வைப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று தடவை ஆகும், பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எழுந்து நின்று செல்போனை நீட்டாதீர்கள், புகைப்படக்காரர் இருக்கிறார்.

அடுத்து துஆ ஓதும்போது எல்லாரும் உள்ளங்கைகளை ஏந்துவார்கள். நீங்கள் ஏந்த வேண்டிய கட்டாயம் இல்லை. கையை மடியில் வைத்து அமைதியாக இருந்தால் போதும்.

எதிரெதிராகத் தாம்பாளங்கள் அடுக்கியிருக்கும். இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சீர் அது. ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் வைப்பார்கள்: மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஐந்து என்றால் பெண் வீட்டிலிருந்து ஏழு என்கிற மாதிரி. பார்த்து ரசியுங்கள், தொடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பணம் எவ்வளவு என்று விசாரிப்பதும் நாகரிகம் இல்லை, அவர்களுக்குள் பேசிக்கொண்டாலும் கூட.

சாப்பாடு

இங்கே முதலில் சாப்பாடு, பிறகு மேடை என்பது சர்வ சாதாரணம். வந்தவுடன் "மாக்கான், மாக்கான்" என்று சாப்பிட அனுப்புவார்கள். மணமக்களை வாழ்த்திவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். கம்போங்கில் இந்தச் சமையல் அக்கம்பக்கத்தார் கூடி முந்தின இரவிலிருந்தே வெங்காயம் உரித்து, பெரிய அண்டாக்களில் ஆக்கியதாக இருக்கும். கொஞ்சமாவது சாப்பிடாமல் எழுந்தால் மனம் சங்கடப்படும்.

மேசையில் மூக்கு வைத்த கெண்டி ஒன்றும் அதன் கீழே ஒரு தட்டும் இருக்கும். அது குடிக்கிற தண்ணீர் இல்லை! இடக்கையால் கெண்டியைச் சாய்த்து, வலக்கை விரல்களைத் தட்டுக்கு மேலே வைத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பெரியவர் இருந்தால் முதலில் அவர் கைக்கு நீங்கள் ஊற்றுங்கள். சாப்பிடுவது வலக்கையால். அதில் நமக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட மட்டும் கரண்டியை இடக்கையால் பிடித்தால் தப்பில்லை, சாப்பிட்ட கையால் பொதுக் கரண்டியைத் தொடுவதைத்தான் விரும்ப மாட்டார்கள்.

நம் நெய்ச்சோறு போன்ற நாசி மின்யாக், சிவப்பாகக் காரசாரமாக இருக்கும் கோழிக் குழம்பு, தேங்காய்ப் பாலில் வற்ற வைத்த இறைச்சியான ரெண்டாங், அன்னாசியும் வெள்ளரியும் போட்ட ஊறுகாய், ரோஜா நிறச் சர்பத். இவற்றோடு தால்ச்சாவும் வரும். மரக்கறிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பார்க்கச் சாம்பார் மாதிரி கத்தரிக்காய், கேரட்டோடு இருக்கும், அடியில் எலும்பு கிடக்கும். "டாகிங்" என்று சொன்னால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மலாயில் சொன்னால் மாட்டுக்கறி வேண்டாம் போலும் என்று கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழி, மீன், முட்டை என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வெறும் சோறும் ஊறுகாயும்தான், அதோடு வீட்டுக்காரம்மாவுக்கு நாள் முழுக்க வருத்தம்.

நன்றாக அலங்கரித்த மேசை ஒன்று மட்டும் காலியாக இருக்கும். இடம் இருக்கிறதே என்று அதில் போய் உட்காராதீர்கள், மணமக்களும் குடும்பத்தாரும் சாப்பிடுவதற்கானது அது. மதுவுக்கு இங்கே இடமே இல்லை. பரிசாகவும் மது வேண்டாம்.

மேடையும் ஆசியும்

கொம்பாங் பறைச் சத்தம் கேட்டால் மணமக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அன்று ஒரு நாள் அவர்கள் ராஜா, ராணி. மேடையில் அசையாமல், அதிகம் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் பழைய மரபு. கோபமாக இருக்கிறார்களோ என்று நினைக்க வேண்டாம். சில குடும்பங்களில் பெரியவர்களையும் முக்கிய விருந்தாளிகளையும் ஒவ்வொருவராக அழைத்து ஆசி கூறச் சொல்வார்கள். சிலர் இந்தச் சடங்கை விட்டுவிட்டார்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டால் பதற வேண்டாம். சின்ன இலைக் கொத்தைப் பன்னீரில் தோய்த்து, மடியில் விரித்து வைத்திருக்கும் மணமக்களின் கைகளில் தெளியுங்கள். அரிசியும் நறுக்கிய பூவிதழும் இருந்தால் ஒரு சிட்டிகை தூவுங்கள். முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்தால் சரியாக வரும். கூப்பிடாவிட்டால் நீங்களாக ஏறாதீர்கள். படம் எடுக்கத் தனியாக நேரம் தருவார்கள். மற்ற பெண் விருந்தாளிகள் தெரியும் படங்களை இணையத்தில் போடுவதற்கு முன்னால் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இடையில் பாங்கு ஒலித்தால் பாட்டை நிறுத்துவார்கள், நீங்களும் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மொய்யும் விடைபெறுதலும்

மொய்ப் புத்தகம் கிடையாது. மைக்கில் பெயரும் தொகையும் வாசிப்பதும் இல்லை. 101, 501 என்று ஒன்று சேர்த்து வைக்க வேண்டியதும் இல்லை. கிளம்பும்போது சலாம் கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது மடித்த நோட்டோ சின்ன உறையோ உங்கள் வலது உள்ளங்கையில் இருக்கும். கை தொடும்போது அது இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்விடும். வாங்கியவர் அதைப் பார்க்கவே மாட்டார், நேராகச் சட்டைப் பைக்குள் போகும். இதற்கு சலாம் காவுட் என்று பெயர். ஆண் விருந்தாளி மணமக்களின் தந்தைக்கும் பெண் விருந்தாளி தாய்க்கும் கொடுப்பது வழக்கம். பழக்கமில்லாதவர்கள் உறையைப் பெரிதாக வாங்கி மாட்டிக்கொள்வார்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே வாங்குங்கள். மண்டபங்களில் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தால் அதில் போட்டுவிடலாம்.

எவ்வளவு? நிர்ணயம் எதுவும் இல்லை. கம்போங் விருந்து என்றால் ஆளுக்கு 30 அல்லது 50 ரிங்கிட் கௌரவமான தொகை. ஹோட்டல் விருந்து என்றால் அதைவிடக் கூட்டிக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம், பரிசு கொடுக்கிறேன் என்றால் ஊரிலிருந்து ஒரு நல்ல துணியோ பித்தளைச் சாமானோ எடுத்துப் போகலாம். சாமி உருவம் பொறித்தவற்றையும், ஹலால் முத்திரை இல்லாத தின்பண்டங்களையும் தவிர்த்துவிடுங்கள். பரிசுப் பொருளை அங்கேயே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"செலாமாட் பெங்காந்தின் பாரு" என்று சொல்லிப் புதுமணமக்களை வாழ்த்துங்கள். "தெரிமா காசி" நன்றி சொல்ல. இந்த இரண்டும் போதும். போகும்போது உங்கள் கையில் ஒரு சின்னப் பை வரும். காகிதப் பூவோடு ஒரு முட்டை, புங்கா தெலோர். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அவித்த முட்டைதான், இப்போது பல வீடுகளில் அதற்குப் பதிலாக கேக்கோ மிட்டாயோ வைத்துவிடுகிறார்கள். நிஜ முட்டை என்றால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் விமானத்துக்குப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கும் வரச் சொல்லி, உங்களுக்கும் நாள் இருந்தால் போய் வாருங்கள். வேறு உடுப்பு மட்டும் வேண்டும். அங்கேயும் மறுபடி ஓர் உறை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் வெறுங்கையோடு சலாம் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் சின்னதாக ஒரு நோட்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.